ஏழு வருடக் கணக்கும் எட்டு லட்சம் பேரும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

நம் முகையூர், திருக்கோவிலூர், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். என்னிடம் படித்தவர்களில் சிலர் கனடாவில் இருக்கிறார்கள். போனில் பேசினால், "சார், குடியுரிமைக்கு இன்னும் இருநூறு நாள் பாக்கி" என்பார்கள். அங்கே கடைசி ஐந்து வருடத்தில் 1,095 நாள் அந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைப்பதற்கு முன்பு மாணவராகவோ வேலைக்காரராகவோ இருந்திருந்தால் அந்த ஒரு நாள் அரை நாளாகத்தான் சேரும். அதிலும் 365 நாளுக்கு மேல் சேர்க்க முடியாது. ஊர்த் திருவிழாவுக்கு வந்து தங்கிய நாட்கள் எல்லாம் கழிந்துபோகும். "இது என்ன சார், வட்டிக்கடைக் கணக்கு மாதிரி இருக்கிறதே" என்று ஒரு மாணவர் அலுத்துக்கொண்டார்.

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்தக் கணக்கு புதியது அல்ல. 75 வருடங்களுக்கு முன்பு நம் தமிழ் மக்கள் லட்சக்கணக்கானோரின் வாழ்க்கை இதே கணக்கில் சிக்கியது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலருக்கு அது இன்னும் முடியவில்லை.

முதலில் கரும்பலகையில் எழுதுவதுபோல ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு நாட்டைச் சேர்ந்தவரா என்று முடிவு செய்யக் காலத்தை மூன்று விதமாக எண்ணலாம்.

ஒன்று, ஒரே ஒரு தேதி. இதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. புதுச்சேரி 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அந்த மண்ணில் பிறந்து, அந்தத் தேதியில் அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் போதும். எத்தனை வருடம் இருந்தாய், நடுவில் எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு, மொத்தக் கூட்டல். மலேயா 1957 ஆகஸ்ட் 31 அன்று விடுதலை பெற்றபோது அப்படி எண்ணினார்கள். விடுதலை நாளில் அங்கே குடியிருந்தவர், விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 வருடத்தில் மொத்தம் 8 வருடம் அங்கே இருந்தால் போதும். மலாய் மொழியில் ஆரம்ப அறிவு, நன்னடத்தை என்று வேறு நிபந்தனைகளும் உண்டு. ஆனால் காலத்தைப் பொறுத்தவரை, நடுவில் இரண்டு மூன்று வருடம் தமிழ்நாட்டுக்கு வந்து போனவரும் தேறலாம். நம் தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள் பலவற்றுக்கு இது கைகொடுத்தது.

மூன்றாவது, அறுபடாத நூல். இத்தனை வருடம் இடைவிடாமல் இருந்திருக்க வேண்டும். நடுவில் நூல் அறுந்தால் அதற்கு முன்பு இருந்த வருடம் எல்லாம் பூஜ்யம். இலங்கையில் இந்த வழியைத்தான் எடுத்தார்கள்.

இலங்கைக்கு நம்மவர்கள் போன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் முதலில் காப்பித் தோட்டம், காப்பிச் செடி நோயில் அழிந்த பிறகு தேயிலைத் தோட்டம். திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, மதுரை, ராமநாதபுரம், சேலம், ஆற்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக்கொண்டு போனார்கள். 1914-க்குப் பிறகு தனுஷ்கோடியில் கப்பல் ஏறி தலைமன்னாரில் இறங்கினால் அங்கிருந்து ரயில். அப்படிக் கடலைத் தாண்டுவது அவர்களுக்குப் பக்கத்து மாவட்டத்துக்குப் போவதுபோலத்தான். இரண்டு கரையும் ஒரே வெள்ளைக்கார அரசின் கீழ் இருந்தது. தாய் தகப்பனைப் பார்க்க, பொண்ணு பார்க்க, காது குத்த, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க, தலைப்பிரசவத்துக்கு என்று ஊருக்கு வந்துபோய்க்கொண்டு இருந்தார்கள். போனவர்கள் எல்லாம் ஊரை மறக்கவில்லை. திரும்பி வந்தவர்கள் எல்லாம் தோட்டத்தை விட்டுவிடவும் இல்லை.

இந்த வந்துபோவதுதான் பிறகு அவர்கள் கழுத்தைப் பிடித்தது.

வருடக் கணக்கு முதலில் ஓட்டுரிமைக்காக வந்தது. 1928-ல் டொனமூர் குழு இலங்கையில் எல்லாருக்கும் ஓட்டு என்று பரிந்துரைத்தது. கூடவே ஐந்து வருடம் குடியிருந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த ஐந்து வருடத்தில் வெளியே இருந்த காலம் எல்லாம் சேர்த்து எட்டு மாதம் வரை இருக்கலாம் என்று இடமும் விட்டது. தோட்டத் தொழிலாளிக்கு இப்படி ஓட்டுக் கிடைப்பதையே சிங்களத் தலைவர்கள் கடுமையாக எதிர்த்ததால், 1931-ல் நடைமுறைக்கு வந்தபோது விதி இன்னும் இறுக்கமானது. அப்படியும் தோட்டத் தமிழர்கள் கணிசமாக ஓட்டுப் போட்டார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலைநாட்டில் பல தொகுதிகளை வென்றது. தொண்டமான் நாடாளுமன்றத்துக்குப் போனார்.

1948 பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இதைத் தாளில் காட்ட வேண்டும். பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பும் வழக்கம் உள்ள சமூகத்தில் எத்தனை பேருடைய தகப்பன் எங்கே பிறந்தான் என்பதற்குத் தாள் இருக்கும்? நல்லது கெட்டது தெரிந்த சிங்களக் கிராமத்து விவசாயியிடமும் அப்படித் தாள் கிடையாது. ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்து 1949-ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் வந்தது. வதிவாளர் என்றால் குடியிருப்பவர். வம்சாவளிப்படி குடியுரிமை கிடைக்காதவர்கள் குடியிருந்த காலத்தைக் காட்டி விண்ணப்பிக்கலாம் என்று அது சொன்னது. 1949 ஆகஸ்ட் 5 முதல் இரண்டு வருடம், அதாவது 1951 ஆகஸ்ட் 5 வரை கெடு. கல்யாணம் ஆனவருக்கு 7 வருடம், ஆகாதவருக்கும் துணையை இழந்தவருக்கும் 10 வருடம்.

கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? ஏழு வருடம் பெரிய விஷயமா என்று தோன்றும். இங்கேதான் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

அந்த ஏழு வருடம் விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது அல்ல. 1946 ஜனவரி 1-லிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். கல்யாணம் ஆனவர் 1939 ஜனவரி 1-லிருந்தே இடைவிடாமல் இருந்திருக்க வேண்டும். ஆகாதவர் 1936 ஜனவரி 1-லிருந்து. அதோடு நிற்கவில்லை. 1946-லிருந்து விண்ணப்பிக்கும் நாள் வரையிலும் இடைவிடாமல் இருந்திருக்க வேண்டும். 1951 ஆகஸ்டில் விண்ணப்பித்த ஒருவருக்குக் கூட்டிப் பாருங்கள். பெயர் ஏழு வருடம். உண்மையில் பன்னிரண்டரை வருடத்துக்கு மேல். பெயர் பத்து வருடம். உண்மையில் பதினைந்தரை வருடத்துக்கு மேல்.

இடைவிடாமல் என்றால் என்ன? ஒரு தடவை வெளியே போனால் 12 மாதத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். ஒரு தடவை 12 மாதத்தைத் தாண்டினால் நூல் அறுந்தது. விண்ணப்பித்தவர் மட்டும் இருந்தால் போதாது. மனைவியும் சிறு பிள்ளைகளும் அவரோடு அங்கே குடியிருந்தார்களா என்றும் பார்த்தார்கள். போதுமான வருமானம் உண்டா என்ற கேள்வி வேறு.

வகுப்பில் இதை ஒரு உதாரணக் கணக்காகப் போட்டுக் காட்டுவேன். ஒரு தொழிலாளி, பெயர் வேண்டாம். 1926-ல் பத்து வயதில் தகப்பனோடு அட்டன் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போகிறார். 1937-ல் கல்யாணம். 1940-ல் ஊரில் தகப்பனுக்குக் கைகால் விழுந்துவிடுகிறது. பார்த்துக்கொள்ள வருகிறார். கருமாதி முடித்துத் திரும்பும்போது 14 மாதம் ஆகிவிட்டது. பிறகு நகரவே இல்லை. 1951-ல் விண்ணப்பிக்கும்போது அந்த மண்ணில் கொழுந்து மூட்டையும் கவ்வாத்துக் கத்தியுமாகக் கிட்டத்தட்ட 24 வருடம் வாழ்ந்திருக்கிறார். ஆனால் சட்டத்தின் கணக்கில் அவருடைய வாழ்க்கை 1941-ல்தான் தொடங்குகிறது. 1946-க்கு முன்னால் ஐந்து வருடம்கூடத் தேறாது. மனு தள்ளுபடி. இதே மனிதர் மலேயாவில் இருந்திருந்தால் 12-ல் 8 என்ற கணக்கில் சுலபமாகத் தேறியிருப்பார். அறுந்தது இரண்டே மாதம். போனது 24 வருடம்.

அந்தக் காலத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 1939-ல் இலங்கை அரசு தன் துறைகளில் தினக்கூலி வேலை பார்த்த இந்தியர்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. அதற்குப் பதிலாக இந்திய அரசு 1939 ஆகஸ்ட் 1 முதல் தொழிலாளிகள் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. நல்ல எண்ணத்தில் போட்ட தடைதான். ஆனால் அந்த நேரம் ஊருக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் போவது சிக்கலானது. தோட்டத்தில் இருந்தவர்கள் ஊருக்கு வரவே பயந்தார்கள். அறுபடாத நூல் கேட்ட காலமும் இந்தத் தடைக் காலமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததைக் கவனியுங்கள்.

சரி, இருந்தேன் என்பதை எப்படி நிரூபிப்பது? லயத்து அறையில் குடியிருப்பவருக்கு வீட்டு வரி ரசீது கிடையாது, பத்திரம் கிடையாது. இருந்த ஒரே சாட்சி தோட்டத்து செக்ரோல், அதாவது பேர் போட்டுக் கூலி எழுதும் பதிவேடு. அது தோட்டத்து ஆபீஸில் துரையின் கையில் இருந்தது. தோட்டம் மாறியவருக்கு இரண்டு மூன்று தோட்டத்தின் பதிவேடு வேண்டும். ஒரே ஆள் ஒரு இடத்தில் முத்தையா, இன்னொரு இடத்தில் முத்து என்று எழுதப்பட்டிருந்தால் இரண்டு ஆள் ஆகிவிடும். பெரும்பாலோர் கைநாட்டு. விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்பது தேதி. அவர்கள் சொல்லத் தெரிந்தது, "மூத்தவள் பிறந்த வருடம்", "பெரிய மழை பெய்த வருடம்".

இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் புறக்கணித்தது. பிறகு மனம் மாறி, கெடு முடியும் தறுவாயில் மனுக்கள் குவிந்தன. சுமார் 2,37,000 மனுக்கள். அவற்றில் அடங்கியவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். அவற்றைப் பரிசீலிக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. கடைசியில் குடியுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. ஆறு பேரில் ஒருவருக்குத்தான் கிடைத்தது.

இதற்கிடையில் 1949-லேயே தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடியுரிமை இல்லாதவர்க்கு ஓட்டு இல்லை என்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை கோடகன் பிள்ளை வழக்குப் போனது. 1953-ல் இந்தச் சட்டங்கள் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. சட்டத்தில் எந்த இனத்தின் பெயரையும் சொல்லி விலக்கவில்லை அல்லவா? வருடத்தைத்தானே கேட்டது. எண் எல்லாருக்கும் பொது என்று தோன்றும். யாருடைய வாழ்க்கை அந்த எண்ணில் பொருந்தாது என்று தெரிந்துகொண்டு எண்ணைத் தேர்ந்தெடுத்தால், பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்.

அந்தப் பக்கம் இலங்கைக் குடியுரிமை இல்லை. இந்தப் பக்கம் நேருவோ, விரும்பி விண்ணப்பிப்பவர்கள் மட்டுமே இந்தியக் குடிமக்கள், மற்றவர்கள் இலங்கையின் பொறுப்பு என்றார். நடுவில் நின்றவர்களுக்கு நாடற்றவர் என்று பெயர் வந்தது.

1964 அக்டோபர் 30. சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் அதை ஆளுக்குப் பாதி, 75,000 என்று பிரித்தார்கள். நான் பாடம் நடத்திய காலத்தில் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பத்திகூடக் கிடையாது. இப்போது வருடக் கணக்கும் போய்விட்டது. தலைக் கணக்கு வந்துவிட்டது. யார் எங்கே போக விரும்புகிறார்கள் என்று கேட்டுப் போட்ட எண் அல்ல அது. மனுக் கேட்டபோது இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் 4 லட்சம்தான். இலங்கையில் இருக்கவே விரும்பி எழுதிக் கொடுத்தவர்கள் அதைவிட மிக அதிகம்.

வந்தவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ அவர்களுக்காகத்தான் தொடங்கப்பட்டது. 1969-ல் தொடங்கிய ரெப்கோ வங்கியும் இலங்கை, பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக வந்ததுதான். இன்று அந்த வங்கிப் பலகையைப் பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1984-ல் போரினால் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் கப்பல் ஏற முடியாமல் அங்கேயே நின்றுவிட்டவர்கள் பலர்.

இலங்கை தன் கணக்கைத் திருத்திக்கொள்ள நீண்ட காலம் ஆனது. 2003-ல் ஒரு சட்டம். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் இந்திய வம்சாவளியினரும் அவர்கள் சந்ததியும் குடிமக்கள் என்றது. போரினால் இந்தியாவுக்கு ஓடிவந்து முகாமில் இருப்பவர்கள் என்ன ஆவது? அவர்கள் நூல் அறுந்துவிட்டதே? அதற்கு 2009-ல் திருத்தம் கொண்டுவந்து அவர்களுக்கும் வழி செய்தார்கள். ஆக, விதியைப் போட்டவர்கள் மனம் வைத்தால் அறுந்த நூலையும் முடிச்சுப் போட முடியும். 1949-லேயே இதைச் செய்திருக்கலாம்.

இலங்கையைக் குறை சொல்லிவிட்டு நம் வீட்டை மறைப்பது சரியல்ல. நம் சட்டத்தையும் பார்ப்போம்.

1955 இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, இந்திய வம்சாவளி ஆள் இங்கே ஆறு மாதம் குடியிருந்தால் பதிவு செய்து குடியுரிமை பெற விண்ணப்பிக்கலாம். 1986-ல் அது ஐந்து வருடம் ஆனது. 2003 திருத்தத்தில் ஏழு வருடம் ஆனது. வம்சாவளி அல்லாத வெளிநாட்டவர் என்றால், விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதம் தொடர்ச்சியாகவும், அதற்கு முந்தைய 14 வருடத்தில் மொத்தம் 11 வருடமும் இங்கே இருந்திருக்க வேண்டும். 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 இறுதிக்குள் வந்த ஆறு சமயத்தாருக்கு அந்த 11-ஐ 5 ஆகக் குறைத்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. செல்லத்தக்க பாஸ்போர்ட், பயண ஆவணம் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. அவர் பதிவு செய்தும் குடிமகனாக முடியாது, எத்தனை வருடம் இருந்தும் முடியாது. 1983-க்குப் பிறகு குண்டுக்கும் தீக்கும் தப்பிப் படகேறி ராமேசுவரம் கரையில் இறங்கியவர் பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவார்? நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் வழியில் கீழ்புத்துப்பட்டில் முகாம் இருக்கிறது. 2021-ல் தமிழக அரசு இந்த முகாம்களின் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதே. ஆனால் 30, 40 வருடம் இங்கே வாழ்ந்து, இங்கே பள்ளிக்கூடம் போய், இங்கே கல்யாணம் செய்தவருக்குக் குடியுரிமைக் கணக்கில் சேர்ந்த நாள் எத்தனை என்றால், பூஜ்யம்.

முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள். யோசித்துப் பாருங்கள். பாட்டன் திருச்சியிலிருந்து போனார். அங்கே "உன் கணக்கு அறுந்துவிட்டது, நீ இந்தியன்" என்றார்கள். பேரன் திரும்பி வந்தார். இங்கே "உன் கணக்கு தொடங்கவே இல்லை, நீ இலங்கைக்காரன்" என்கிறார்கள்.

நீதிமன்றம் கவனிக்காமல் இல்லை. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, முகாம்வாசிகள் சிலரின் குடியுரிமை மனுக்களை மத்திய அரசு பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிட்டது. 2022-ல் இன்னொரு வழக்கில், 1986-ல் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொன்னது. காரணம், 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அவருக்கு அந்த ஒரே தேதிக் கணக்கு கைகொடுத்தது. அதற்கு அடுத்த வருடக் கடைசியில் பிறந்த தங்கைக்கோ தம்பிக்கோ அது உதவாது.

வருடக் கணக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த நாட்டுக்கும் ஒரு விதி வேண்டும். ஆனால் எத்தனை வருடம் என்று மட்டும் பார்த்து ஒரு விதியை நல்லது கெட்டது என்று சொல்லிவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள்? நடுவில் விட்டுப்போன நாளை என்ன செய்கிறார்கள்? நிரூபிக்கும் தாள் யார் கையில் இருக்கிறது? இலங்கைத் தோட்டத் தொழிலாளி இந்த மூன்றிலும் தோற்றார். கனடாவில் நாள் எண்ணும் என் மாணவருக்கு விதி முன்கூட்டியே தெரியும், பயணத் தேதி பாஸ்போர்ட்டில் இருக்கிறது, ஊருக்கு வந்தால் வந்த நாள் மட்டும்தான் கழியும். அவர் அலுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அவர் நிற்கும் இடம் வேறு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்திலோ பக்கத்து வீட்டிலோ இலங்கையிலிருந்து திரும்பியவர்கள் இருந்தால், பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, தோட்டத்து ரசீது, பிறப்புச் சீட்டு எது இருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். போனில் படம் எடுத்து இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள். பெரியவர்கள் இருந்தால் எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் சொல்லும் "பெரிய மழை வருடம்" எது என்று கண்டுபிடிக்க நான் உதவுகிறேன்.

மலேயாவுக்குப் போன நம் தென்னாற்காட்டுக் குடும்பங்களைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.